‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டேன், டாக்டர்!

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். எழுதியவருக்கு வயது 27. பொது சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். வளரிளம் பருவத்தில் மனதில் விழும் காயங்களுக்கும் அந்த வயதுப் பிள்ளைகள் இறங்கும் ஆபத்தான பழக்கங்களுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் ஆய்வு. களம், கீழே கம்பம் பள்ளத்தாக்கு. மேலே, கேரளப் பக்கம், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ்த் தோட்டக் குடியிருப்புகள். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர். அவருடைய அம்மா இருபது வருடம் விடியற்காலை ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தவர். சம்பந்தப்பட்ட பிள்ளை யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவசரமான பதிலைக் கடிதம் வந்த அன்றே தனியாக அனுப்பிவிட்டேன். இது அதன் விரிவு. அவருடைய சம்மதத்தோடு வெளியாகிறது.

கடிதத்தின் சாரம் இதுதான். பள்ளிக்கூடங்களில் பெயர் எழுதாத கேள்வித்தாளைக் கொடுத்து, நிரப்பியதும் மடித்துப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்கிறார். ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வராந்தாவில் வந்து நின்றாள். சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு காய் எடுக்கப் போகிறவள். ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர் தனக்கு 13 வயதானதிலிருந்து தன்னிடம் தப்பாக நடப்பதாகச் சொன்னாள். சொல்லும்போது சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்; உள்ளே பிளேடுக் கீறல்கள். அம்மா அந்த ஆளிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவள் கேட்டது: “அக்கா, யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்னு தாள்ல போட்டிருக்கீகள்ல?”

போட்டுத்தான் இருந்தது. ஒப்புதல் படிவத்தின் நான்காவது வரியில், ‘தகவல்கள் முற்றிலும் இரகசியமாக வைக்கப்படும், யாரிடமும் பகிரப்பட மாட்டாது’ என்று.

ஆய்வு வழிகாட்டியான கைடு, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி அடுத்த மாதம் கூடும்போது வைக்கலாம், அதுவரை பொறு என்கிறார். கடிதம் எழுதியவரின் தாய்மாமன், நாலு பேரோடு போய் ஜீப்காரனைக் ‘கவனித்துவிட்டு’ வருகிறேன் என்கிறார். பேசாமல் அவளை மதுரைக்குத் தன்னோடு கூட்டிவந்து படிக்கவைக்கலாமா என்று இவருக்குத் தோன்றுகிறது. சிறுவயதில் பட்ட ஒவ்வொரு வகைத் துன்பத்துக்கும் ஒரு புள்ளி, மொத்தம் பத்துக் கேள்வி என்பது ஆய்வுக் கணக்கு; அவள் சொன்னதை வைத்து அப்படிக் கூட்டிப் பார்த்தால் ஆறு புள்ளி வருகிறதாம், “அவ வாழ்க்கை அவ்வளவுதானா டாக்டர்?” என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இன்னொன்று: “நான் கேள்வி கேட்டதால்தான் கையை அறுத்துக்கொண்டாளோ?”

அன்புள்ள சகோதரிக்கு,

ஒப்புதல் படிவத்தை எந்தப் பிள்ளையும் படிப்பதில்லை, கையெழுத்துப் போட்டு நீட்டிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவள் நான்காவது வரி வரை படித்திருக்கிறாள். படித்ததை நம்பி வராந்தாவுக்கு வந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையை உடைத்துவிடுவோமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் நம்பிக்கை காப்பாற்றப்படும் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் நான் மாறுபடுகிறேன்.

அந்த வாக்கு கொடுக்க உங்களுக்கு உரிமை இருந்ததா?

போக்சோ என்று நாம் சொல்லும் சட்டம் 2012-இல் வந்தது. 18 வயது நிறையாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19-வது பிரிவு. யார் சொல்ல வேண்டும் என்றால், தெரிந்த எவரும். ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், ஆய்வு மாணவி என்று பிரிவினை இல்லை. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்கு நடந்த கொடுமை தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் மேல் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவை நீக்கியது. தெரிந்தும் மறைப்பது பெரிய குற்றம் என்று சொன்னது.

அமெரிக்காவில் ஆய்வாளர்களுக்கு இரகசியக் காப்புச் சான்றிதழ் உண்டு என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அந்த நாட்டு ஏற்பாடு. இங்கே சாட்சியச் சட்டம் கணவன் மனைவி பேச்சு, வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னது என்று சிலவற்றுக்குத்தான் அப்படியான காப்புத் தருகிறது. டாக்டரான எனக்கே அது கிடையாது.

உங்களை மட்டும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ‘முற்றிலும் இரகசியம்’ என்ற வரியோடு எத்தனையோ படிவங்கள் என் கையெழுத்துடன் வெளியே போயிருக்கின்றன. மருந்தின் அளவு சரியா என்று மூன்று தடவை பார்ப்போம். இந்த வரியில் ஒரு தடவைகூட நின்றதில்லை. சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பில் அந்த வரி சரி. பிள்ளைகளிடம் அடி, உதை, வேண்டாத தொடுதல் பற்றிக் கேட்கும் தாளில் அது பொய்.

ஆக, கமிட்டி கூடட்டும் என்று இருப்பதில் பொருளில்லை. சட்டத்திலிருந்து விலக்குத் தர எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜீப் கிளம்பும். கமிட்டியின் உறுப்பினர் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நடந்தது இது, நான் செய்யப்போவது இது என்று, பிள்ளையின் பெயர் இல்லாமல். கைடுக்கு ஒரு நகல். உங்கள் கைடு கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை; பயந்திருக்கிறார். பயந்தவர்களுக்கு எழுத்தில் வந்த காகிதம் தைரியம் தரும்.

இரண்டு தப்பான எண்ணங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘24 மணி நேரம் தாண்டிவிட்டது, இனிப் போனால் என்னையே பிடிப்பார்கள்’ என்கிறீர்கள். 24 மணி நேரம் என்பது தகவல் கிடைத்த பிறகு குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்கப் போலீஸுக்கு விதிக்கப்பட்ட கெடு. உங்களுக்கு மணிக்கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. அதைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போடவும் கூடாது. ‘என்னிடம் ஆதாரம் இல்லையே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் சிவிலோ கிரிமினலோ எந்த வழக்கும் வராது என்று அதே 19-வது பிரிவு காப்பளிக்கிறது.

ஸ்டேஷனுக்கு முன்னால் அவளிடம்

இந்தப் பதிலிலேயே எனக்கு முக்கியமான இடம் இதுதான். போலீஸிடம் போவதற்கு முன்னால் அவளைப் பாருங்கள். போனில் வேண்டாம். அது அம்மாவின் போன். ‘நாளைக்கு எத்தனை ஆளு வர்றீக’ என்று சாயங்காலம் ஜீப்காரர் கூப்பிடும் போனும் அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்கும் போகாதீர்கள். பள்ளிக்கூடத்தில், அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

“தங்கம், அன்னைக்கு நீ சொன்னத நான் நம்புறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்னு தாள்ல போட்டது என் தப்பு. உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா உனக்குத் தெரியாம எதையும் செய்ய மாட்டேன். யாருகிட்ட, எப்பச் சொல்லப்போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.”

அவள் கோபப்படலாம், அழலாம். ‘நான் சும்மா சொன்னேன்க்கா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று பின்வாங்கவும் செய்யலாம். சொன்ன பிறகு மறுப்பது இந்த வயதில் அடிக்கடி நடக்கிற ஒன்று. அதை வைத்து அவள் பொய் சொன்னாள் என்று முடிவுகட்டாதீர்கள், மல்லுக்கட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சொல்வதா வேண்டாமா என்ற பெரிய முடிவு அவள் கையில் இல்லை. சின்ன முடிவுகளையாவது அவளுக்கு விட்டுவிடுங்கள். அம்மாவிடம் யார் சொல்வது, கூட எந்த டீச்சர் இருப்பது, வாக்குமூலம் வீட்டிலா பள்ளியிலா என்பதையெல்லாம் அவளைக் கேட்டுச் செய்யுங்கள். இரண்டு வருடமாகத் தன் உடம்பு விஷயத்திலேயே அவள் சொல் எடுபடாமல் இருந்திருக்கிறது.

எங்கே, எப்படி, எத்தனை தடவை என்று துருவாதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அவளுக்கும் ரணம், வழக்குக்கும் நல்லதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது? 72 மணி நேரத்துக்குள் என்றால் ஆஸ்பத்திரிதான் முதலில். கரு தங்காமல் இருக்கவும் எச்ஐவி தொற்றாமல் இருக்கவும் கொடுக்கும் மருந்துகளுக்கு நேரக்கணக்கு உண்டு. எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்; அம்மாவோ அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். தாய்மார்கள் நடுங்கும் அந்த இரண்டு விரல் பரிசோதனையைச் செய்யவே கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது.

அன்று வராந்தாவில் அவள் சொன்னதைத் தேதி, நேரம், இடத்தோடு, அவள் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு வையுங்கள். உங்கள் கருத்தை அதில் சேர்க்காதீர்கள். ஆய்வுக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது. நாளைக்குத் தீசிஸில் பெயர் மாற்றிய ‘கேஸ் ஸ்டடி’யாகவும் அவள் வரக் கூடாது. பெயர் மாற்றினாலும் அந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஜீப், எந்த ஊர் என்று ஆள் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கே தெரியும்.

மேலேயா, கீழேயா?

பிள்ளையின் வீடு தேனி மாவட்டம், தோட்டம் இடுக்கி மாவட்டம். ‘இது கேரளா கேஸும்மா’ என்று கீழேயும், ‘தமிழ்நாட்டுக்குப் போங்கோ’ என்று மேலேயும் அலையவிடுவார்களோ என்ற உங்கள் சந்தேகம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கீழே உங்களுக்குப் பக்கத்திலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலேயே கொடுங்கள். அவர்கள் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டி ஓடும்போது, மெட்டுச் சாலையின் எந்த வளைவில் நடந்தது என்று அவளுக்குத் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். பயணத்தின்போது நடந்த குற்றத்தை அந்தப் பயணம் கடந்துபோன எந்தப் பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம்.

மேலே இருக்கும் ஸ்டேஷன் என்றால் அந்த அம்மாவுக்குப் பயம் இருக்கும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எல்லை அடைபட்டு, தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் காட்டு வழியே நடந்து இறங்கியதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. வழக்கு கேரளப் போலீஸுக்குப் போனாலும், பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதிக்கொள்வதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும் என்பது சட்டம். வாக்குமூலத்தைக் கூடிய மட்டும் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கிச் சட்டை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும். ராத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர், படம், பள்ளி என்று எதையும் பத்திரிகையில் போடுவது குற்றம். நேரே ஸ்டேஷன் படி ஏறத் தயக்கமாக இருந்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்துக்கும் அதே எண்தான். பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் இதே கடமை உண்டு. மறைத்தால் அவருக்கும் தண்டனை உண்டு. அவர் ‘ஸ்கூல் பேரு கெட்டுரும்’ என்று இழுத்தால் இதை மட்டும் மெதுவாகக் காதில் போடுங்கள்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, நடப்பில் இழுக்கும். ஊர்ப் பெரியவர்கள் ‘பேசி முடிச்சிரலாம்’ என்று வருவார்கள். பேசி முடிக்கக்கூடிய வழக்கு இல்லை இது. ஆனாலும் அந்த வீட்டின் மேல் அழுத்தம் விழும், சாட்சி சொல்ல வேண்டிய அம்மாவே பின்வாங்கலாம். அவரை வில்லியாகப் பார்க்காதீர்கள். அந்த ஜீப்பில் இடம் போனால் அவருக்கு அந்த வாரக் கூலி போயிற்று. முன்பணத்தைக் காட்டி ‘என்கிட்டதான் வேலை செய்யணும்’ என்று ஒருவரைக் கட்டிப்போடுவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும் விஷயம் என்பதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் அவருக்கு விளக்கட்டும், அவர் காசு வாங்க மாட்டார். சாப்பாடு, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். கேட்டால்தான் கிடைக்கும். கேட்க ஆள் வேண்டும், அங்கே நீங்கள் உதவலாம்.

மாமாவிடம் சொல்லுங்கள், நாலு பேரோடு போய்த் தட்டினால் முதலில் உஷாராவது ஜீப்காரன், வழக்கு வாங்குவது மாமா, வேலை இழப்பது அந்த அம்மா. மதுரைக்குக் கூட்டிவரும் யோசனையையும் விடுங்கள். 18 நிறையாத பெண்ணைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அழைத்துவந்தால் அது ஆள் கடத்தல் என்ற பிரிவில் போய் விழும். நல்ல மனசு என்று போலீஸ் பார்க்காது. வீட்டில் இருப்பது பாதுகாப்பில்லை என்றால் வேறு இடம் முடிவு செய்யும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கு இருக்கிறது.

கையில் இருக்கும் கீறல்

நீங்கள் கேள்வி கேட்டதால் அவள் அறுத்துக்கொள்ளவில்லை. சில கீறல்கள் ஆறி வெளுத்திருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளுத்த தழும்புக்கு மாதக்கணக்கு ஆகும். உங்கள் தாள் அங்கே போனது போன வாரம். பட்ட கொடுமையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போதைக்கு மனம் கனக்கும், பிறகு தணிந்துவிடும் என்பதைத்தான் இந்த வகை ஆய்வுகள் காட்டுகின்றன. சாகும் எண்ணம் வருகிறதா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்பதும் பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்டதுதான்.

ஆகவே கேளுங்கள். கீறிக்கொள்ளும் எல்லோரும் சாக நினைப்பதில்லை. உள்ளே அடைத்துக் கிடப்பது கொஞ்சம் இறங்குகிறது என்று என் ஓபியில் பிள்ளைகள் சொல்கிறார்கள். இவள் எந்த வகை என்று ஊகிக்காமல், “செத்துப்போயிரலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?” என்று நேராகக் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அன்றே க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அதற்கிடையில் 14416 டெலிமானஸ், தமிழில் பேசலாம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. திராட்சைக்கும் ஏலத்துக்கும் அடிக்கும் மருந்து அங்கே பல வீடுகளில் இறவாரத்தில் செருகியிருக்கும், இல்லையென்றால் கட்டிலுக்கடியில். அந்த டப்பாவை வீட்டைவிட்டே வெளியேற்ற வேண்டும். எத்தனை கவுன்சலிங் கொடுத்தாலும் அந்த டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது.

ஆறு புள்ளி

உங்கள் கேள்வித்தாளின் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் பருமனைக் குறைக்கும் மருத்துவமனை ஒன்றை நடத்தினார் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று விசாரித்தபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. சிலருக்கு அந்தக் கனத்த உடம்பே ஒரு காப்பாக இருந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பி, ராபர்ட் ஆண்டாவும் அவரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முதல் முடிவு 1998-இல் வந்தது. 9,508 பேர். நான்கு வகையோ அதற்கு மேலோ சிறுவயதுத் துன்பம் பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது.

மடங்குக் கணக்கு ஒரு கூட்டத்தைப் பற்றியது. கூட்டத்தில் நிற்கும் ஒருத்தி நாளைக்கு என்ன ஆவாள் என்று அதை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது. தனி ஆளுக்கு அப்படி மார்க் போட்டுப் பார்க்காதீர்கள் என்று ஆண்டாவே 2020-இல் எழுதினார். ஒரு புள்ளி ஒரு தடவை நடந்ததா, இரண்டு வருடம் நடந்ததா என்று சொல்லாது. யாராவது நம்பினார்களா, கூட நின்றார்களா என்பது அந்தப் பத்துக் கேள்வியில் இல்லவே இல்லை. என் அனுபவத்தில் பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்பது அதில்தான் அதிகம் இருக்கிறது.

இன்னொன்று, காப்பீடு வைத்திருந்த சான் டியேகோ நடுத்தர வர்க்கத்துக்கு எழுதிய கேள்விகளில் உங்கள் மலை இல்லை. உலக சுகாதார நிறுவனம் விரித்து எழுதிய வடிவமும் 18 தாண்டியவர்களுக்கானது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் நிலச்சரிவில், லயம் எனும் தோட்ட வரிசை வீடுகளோடு மண்ணுக்குள் போன 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்தான். அதைப் பார்த்த, கேட்ட பிள்ளைகள் இப்போது உங்கள் ஆய்வின் வயதுக் கட்டத்தில் இருக்கிறார்கள். மழை கொட்டும் ராத்திரியில் லயத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு உங்கள் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

‘திங்கட்கிழமை லீவு போடுறா, கிளாஸ்ல தூங்குறா, வாயில புகையிலைப் பொட்டலம் வெச்சிருந்தா, ஒழுக்கமில்லாத பிள்ளை’ என்று டீச்சர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சனி, ஞாயிறு ஜீப்பில் போய்வந்த பிள்ளைக்கு வரும் திங்கட்கிழமை அது. நாம் ஆபத்தான பழக்கம் என்று பெயர் வைப்பது பல நேரம் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வலி மருந்து. மருந்து மோசமானதுதான், அதற்காக வலியைக் கேட்காமல் விட முடியுமா? பொட்டலம் விற்றவரைப் பற்றி டீச்சருக்கு அதே கோபம் வருவதில்லை என்பது தனிக்கதை. 18 நிறையாதவருக்குப் புகையிலை கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆய்வை நிறுத்தவேண்டாம், திருத்துங்கள்

ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்து, நோட்டால் மறைத்துக்கொண்டு நிரப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய பெட்டி இருந்து என்ன பயன், பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிட்டாளே! ஒருவர் விட்டு ஒருவர் உட்காரவையுங்கள், இரண்டு நாள் கூடுதலாகப் போகட்டும். பெயரில்லாத தாள்களில் ‘ஆம்’ என்று டிக் அடித்த மற்றப் பிள்ளைகள் யாரென்று கையெழுத்தை வைத்துத் தேடக் கிளம்பாதீர்கள். அந்த வகுப்பு முழுவதற்கும் உதவி எங்கே கிடைக்கும் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். 1098, 14416 இரண்டும் அச்சடித்த சின்னச் சீட்டை எல்லோருக்கும் கொடுங்கள். எல்லோரிடமும் இருந்தால் யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

படிவத்தின் நான்காவது வரிக்குப் பதில் இதைப் போட்டுப் பாருங்கள்: ‘நீ எழுதுவதில் உன் பெயர் இருக்காது. ஆனால், யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ, நீயே உன்னைத் துன்புறுத்திக்கொள்கிறாய் என்றோ எங்களிடம் நேரில் சொன்னால், உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் அதைச் சொல்லுவோம். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவோம்.’ கையில் கொடுத்தால் மட்டும் போதாது, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இதைக் கேட்டபிறகு வராந்தாவுக்கு வராமலே போகிற பிள்ளையும் இருக்கும். அந்த நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. திருத்திய படிவம் கமிட்டிக்குப் போகும்போது, ஏன் திருத்தினீர்கள் என்ற காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. தூக்கம் இல்லை, ஜீப் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். இதே வேலையில் இருக்கும் எங்களுக்கும் வருவதுதான். ஆனால் நாங்கள் வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து இறக்கிவைக்கப் பழகியிருக்கிறோம். உங்கள் துறையில் அந்த வழக்கம் இல்லையென்றால் வெளியே ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். பேட்டி ஆடியோக்களை ராத்திரி தனியாக உட்கார்ந்து டைப் செய்யாதீர்கள். பகலில், யாராவது இருக்கும் அறையில் செய்யுங்கள்.

அம்மா இருபது வருடம் அந்த ஜீப்பில் போனவர் என்று முதல் பக்கத்தில் எழுதினீர்கள். பிறகு கடிதம் முழுக்க அம்மாவே வரவில்லை. அவரிடம் எதையாவது கேட்க வேண்டும் என்று மனதில் இருந்தால், இந்தப் பிள்ளையின் வேலை ஒரு வழிக்கு வந்தபிறகு, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கேளுங்கள். கேட்க வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். இரண்டில் எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.